கல்முனை நடையர் சங்கத்தின் சைவப் புரட்சி

உலக மருத்துவ வரலாற்றை இனி இரண்டாகப் பிரித்துத்தான் எழுத வேண்டும்: கல்முனை அதிகாலை நடையர் சங்கம் தோன்றுவதற்கு முன், தோன்றியதற்குப் பின். சங்கத்தின் ஸ்தாபகச் செயலாளர் என்ற முறையில் இதை நானே சொல்வது அழகல்ல. ஆனால் வேறு யாரும் சொல்வதாகக் காணோம்.

எங்கள் தலைவர் மீராமுகைதீன் ஹாஜியார், புடைவைக் கடை முதலாளி. சீனி வருத்தக்காரர்; புத்தகத் தமிழில் நீரிழிவு. கிளினிக்கில் நேர்ஸ் அவரிடம், “விடிய நடங்க. இறைச்சி, மா, எண்ணெய், இனிப்பு எல்லாத்தையும் குறைங்க” என்றார். இறைச்சி என்றதுமே ஹாஜியாருக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. அதற்குப் பிறகு சொன்ன எதுவும் உள்ளே போகவில்லை. சாதாரண நோயாளி என்றால் மறுநாளே தனியாக நடந்திருப்பான். ஹாஜியார் தலைவராகப் பிறந்தவர், சங்கம் அமைத்தார்.

ஸ்தாபக மஷூறாக் கூட்டம் அவர் வீட்டில், மாட்டிறைச்சிப் புரியாணியுடன் நடந்தது. இறைச்சிக்குப் பிரியாவிடை கொடுக்க அதைவிடக் கண்ணியமான வழி எங்களுக்குத் தெரியவில்லை. சீனி வருத்தம் உள்ள எவரும் அங்கத்தவராகலாம் என்று முடிவானது. நானும் அந்தத் தகுதியில்தான் செயலாளரானேன். ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர் நளீர் ‘சுகாதார ஆலோசகர்’. அவருடைய மருமகன் டொக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தார்.

ஹாஜியாரின் மனைவி சுபைறா ராத்தா, கடை கடையாக ஏறி இறங்கி அவருக்கு ஒரு சோடி வெள்ளைச் சப்பாத்து வாங்கி, என் கையில் தந்தார்.

“தம்பி, இவர் எண்ட சொல்லுக் கேக்கமாட்டார். நீங்கதான் பொறுப்பு. நல்லா நடக்க வெச்சு, நல்ல மாதிரித் திருப்பித் தாங்க.”

“ஓம் ராத்தா. சங்கம் இரிக்கி” என்றேன்.

மறுநாள் சுபஹு தொழுதுவிட்டுப் பிரதான வீதியில் தெற்கே நடந்தோம். சாய்ந்தமருதில் மூச்சு வாங்கியது. காரைதீவுச் சந்தியில் நல்லரெத்தினத்தின் சைவக் கடை, பொரிகிற வடையின் வாசத்தோடு எங்களை வரவேற்றது. ஹாஜியார் மேசையில் அமர்ந்து, தலைவருக்குரிய எச்சரிக்கையோடு விசாரித்தார்.

“முதலாளி, இதுகள்ள இறைச்சி ஏதும் கலந்திரிக்கா?”

“என்ன கதைக்கிறீங்க ஹாஜியார்! சைவக் கடையில இறைச்சியா? உளுந்தும் வெங்காயமும்தான்.”

“அப்ப இது பத்தியச் சாப்பாடு” என்றார் நளீர். “எல்லாம் மரக்கறி. எவ்வளவும் தின்னலாம்.”

இங்கே ஒரு நுட்பமான விடயத்தை விளக்க வேண்டும். சைவக் கடையில் வடை தட்டு நிறைய மேசைக்கு வரும். தின்றது போக மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும். அது கடையின் வழக்கம். நாங்களோ ஒரே பெரிய சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்து சாப்பிட்டுப் பழகியவர்கள். தட்டில் மிச்சம் விட்டால் இறைவன் தந்த பரக்கத் போய்விடும். அது எங்கள் வழக்கம். ஆகவே தட்டை வெறுமையாக்கினோம். வெறும் தட்டை விருந்தாளிக்கு முன்னால் விடுவது மரியாதையில்லை என்று நல்லரெத்தினம் மறுபடி நிரப்பினார். நாங்கள் மறுபடி வெறுமையாக்கினோம். இரு சமூகங்களும் ஒன்றையொன்று இவ்வளவு மதித்ததை நான் எந்த நல்லிணக்கக் கூட்டத்திலும் கண்டதில்லை.

அந்த மாதம் நெய்த்தோசையும் பூரியும் பத்தியத்தில் சேர்ந்தன. “களைச்சுப் போய்த் தின்னக்குள்ளதான் சாப்பாடு ஒடம்புல ஒட்டுற” என்று ஆலோசகர் கண்டுபிடித்தபடியால், ஓட்டோவில் போவதென்று ஏகமனதாக முடிவெடுத்தோம். ஓட்டோவிலிருந்து மேசை வரைக்கும் நடந்தோம். சங்கத்தின் பெயர் அப்படியே இருந்தது.

ஒரு நாள் ஹாஜியார் மேசைக்குக் கீழே இடது சப்பாத்தைக் கழற்றினார். பெருவிரலில் ஒரு புண், கறுத்துப்போய்.

“நோவுதா காக்கா?” என்றேன்.

“இல்ல மனே. போன மாசமெல்லாம் ஊசி குத்துறாப்போல இரிந்த. இப்ப ஒண்டும் வெளங்கல்ல.”

நளீர் எழுந்து அவருடைய கையைக் குலுக்கினார். “நோவு போயிட்டா வருத்தமும் போயிட்டு. பத்தியம் வேல செய்யிது!”

நாங்கள் கைதட்டினோம். நல்லரெத்தினம் சந்தோஷத்தில் எல்லோருக்கும் கேசரி கொண்டுவந்தார். அதிலும் இறைச்சி இல்லை.

பிறகு காய்ச்சல் வந்தது, ஆஸ்பத்திரி வந்தது. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

சங்கம் வழமையான மேசையில் அவசரமாகக் கூடியது. தலைவரின் கதிரையை வெறுமையாக விட்டோம். வடைத் தட்டை விடவில்லை. “தலைவரின் இடது கால் சங்கத்துக்கு ஆற்றிய அளப்பரிய சேவையை” நளீர் பாராட்டிப் பேசிக்கொண்டிருந்தபோது, வாசலில் ஓட்டோ ஒன்று நின்றது. சுபைறா ராத்தா இறங்கினார். கையில் ஒரு பை. அழுதழுது முகம் வீங்கியிருந்தது. நேரே வந்து, வடைத் தட்டுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சப்பாத்து ஒன்றை எடுத்து வைத்தார். இடது கால் சப்பாத்து. அடி தேயவே இல்லை.

“நல்ல மாதிரித் திருப்பித் தாங்க எண்டுதான தம்பி ஒங்கட கையில குடுத்த நான்?”

எனக்கு வாயில் வடை.

“இனி இது எங்களுக்குத் தேவல்ல. ஒங்கட சங்கத்துல அடுத்த கால் யாருடயெண்டு பாத்து, அவருக்குக் குடுங்க.”

அவர் போனபின் கொஞ்ச நேரம் யாரும் தட்டில் கை வைக்கவில்லை. சங்கத்தின் சொத்து வீணாகக் கூடாது. அதைக் காப்பது செயலாளரின் கடமை. சப்பாத்தை மேசைக்குக் கீழே இறக்கி இடது காலை நுழைத்தேன். கச்சிதமாக இருந்தது.

“கடிக்குதா?” என்று கேட்டார் நளீர்.

தெரியவில்லை. கொஞ்ச நாளாகவே அந்தக் காலில் எனக்கு ஒன்றுமே தெரிவதில்லை.