அண்ணன் கொன்ற துரை

குடும்பச் சண்டையில் நியாயம் பேச வருகிறவர்களைக்கூட நம்பிவிடலாம். எதுவுமே பேசாமல், கனிவாகத் தலையை ஆட்டிக்கொண்டு, "சொல்லுங்கள், கேட்கிறேன்" என்று எதிரே வந்து உட்காருகிறவர்களை மட்டும் நம்பவே கூடாது. இதை நான் தைரியமாகச் சொல்லலாம். அப்படி உட்கார்ந்து, சொந்த அண்ணனை ஒரு மத்தியான நேரத்தில் தூக்குமேடைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியவள் நான். (பக்கத்தில்தான். ஏற்றவில்லை. அதற்குள் அண்ணி வாயைத் திறந்துவிட்டாள்.)

வெள்ளைக்காரன் இருந்த காலம். யுத்தம் நடந்துகொண்டிருந்தது. நான் அம்பத்தூர் மேனாம்பேட்டிலிருந்து தினமும் ரயிலேறிப் பட்டணத்துக்குப் போய் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் படிப்போடு சேர்த்து, மனக்கஷ்டத்தில் இருப்பவர்களுக்கு ஆலோசகராக இருக்க ஒரு பயிற்சி வகுப்பும் ஆரம்பித்தார்கள். சேர்ந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். மற்றவர்கள் எதற்காகச் சேர்ந்தார்களோ தெரியாது. நான் சேர்ந்தது, அதில் பரீட்சை கிடையாது என்று யாரோ சொன்னதால்.

வகுப்பு எடுத்தவர் மிஸ் வில்கின் என்ற வெள்ளைக்கார அம்மாள். நல்லவர். தமிழ் பேசுவார். ஆனால் அந்தத் தமிழைப் பாதிரிமார் அச்சடித்த பழைய புத்தகங்களிலிருந்து கற்றிருந்தார். ஜட்காக்காரரிடம்கூட, "ஐயா, உமது வண்டிக்குக் கூலி யாதோ?" என்றுதான் கேட்பார். அவர் தலை மறைந்ததும் ஜட்காக்காரர் எங்களிடம், "அந்த அம்மா இன்னாமா கேட்டுச்சு?" என்பார்.

ஆலோசகர் ஆகிறவளுக்கு என்னென்ன கைவர வேண்டும் என்று அவர் மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்தார். குறுக்கே பேசாதே. புத்தி சொல்லாதே. எந்தக் கட்சியிலும் சேராதே. எதிரில் இருப்பவர் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காதே. எல்லாவற்றிலும் முக்கியம், அவர் சொன்னதையே உன் வாயால் தெளிவாகத் திருப்பிச் சொல். தான் சொன்னதைத் தானே கேட்கும்போது மனிதனுக்குப் பாதி பாரம் இறங்கிவிடும். நான் வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று தலையைக் கொஞ்சம் சாய்த்து, கண்ணில் கருணையை வரவழைத்துப் பழகினேன். இரண்டு நாள் பார்த்துவிட்டு அம்மா கழுத்தில் தைலம் தேய்த்துவிட்டார்.

பயிற்சி முடிய வேண்டுமானால் ஒவ்வொருத்தியும் நிஜமாகவே கஷ்டப்படுகிற ஒருவரோடு உட்கார்ந்து பேச வேண்டும், மிஸ் வில்கின் கூடவே வந்து பார்ப்பார். கஷ்டத்துக்கு நான் எங்கே போவது? நல்ல வேளையாக அந்தச் சமயம் பார்த்து அண்ணி கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். (நல்ல வேளையாக என்றா எழுதினேன்? அப்படித்தான் நினைத்தேன், கர்த்தர் மன்னிக்கட்டும்.)

அண்ணன் தேவராஜ் ஆவடி ராணுவக் கிடங்கில் குமாஸ்தா, தனிக்குடித்தனமும் அங்கேதான். அண்ணி லில்லி, பூந்தமல்லிப் பெண். கல்யாணமாகிச் சில வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்தியர்கள் கொடுத்த ஒரு வான்கோழிக் குஞ்சை அண்ணி எடுத்து வளர்த்தாள். அது வளர்ந்து, கழுத்தெல்லாம் சிவந்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முற்றத்தில் நடந்த நடையைப் பார்த்து 'துரை' என்று பெயர் வைத்தாள். துரைக்கு மரியாதை உண்டு. "துரை வந்தாரு, துரை சாப்ட்டாரு" என்றுதான் அண்ணி பேசுவாள். எங்கள் எல்லோருக்கும் அதே பழக்கம் ஒட்டிக்கொண்டது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அண்ணி கோயிலில் பாட்டு ஒத்திகைக்குப் போயிருந்தாள். அண்ணன் துரையைச் சைக்கிளில் கட்டி எடுத்துக்கொண்டுபோய்த் தன் மேலதிகாரியான கேப்டனுக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டான். அண்ணி திரும்பி வந்து காலிக் கூண்டைப் பார்த்தாள். மறுநாள் ஆராதனை முடிந்ததும் அப்படியே பூந்தமல்லிக்குப் போனவள், பொங்கல் கழிந்தும் வரவில்லை. இனி வரமாட்டேன் என்று சொல்லியும் அனுப்பிவிட்டாள். ஒரு கோழிக்காகவா என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

முதலில் அண்ணனிடம் போய் என் வித்தையைக் காட்டினேன்.

"அவளுக்குப் புடிவாதம் ஜாஸ்தி, கிரேஸு," என்றான்.

"அவளுக்குப் பிடிவாதம் ஜாஸ்தி என்று நினைக்கிறீர்கள்," என்றேன், தலையைச் சாய்த்து.

"எப்பத்துலேர்ந்துடி என்ன 'நீங்க' போடுற?"

"எப்போதிலிருந்து என்று உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கிறது."

அண்ணன் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பாரம் இறங்கிவிட்டது என்று நான் முடிவு செய்தேன்.

அடுத்த சனிக்கிழமை, தேவராஜ், லில்லி என்று பெயர்களை மட்டும் சொல்லி மிஸ் வில்கினை அழைத்துக்கொண்டு, பெட்ரோல் பஞ்சத்தால் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸில் பூந்தமல்லி போய் இறங்கினேன். அண்ணியின் அம்மா சூசையம்மா வாசலிலேயே நின்றார்.

"வாம்மா, வா. உங்க அண்ணன் பண்ண அக்குருமத்த கேக்க இப்பத்தான் வழி தெரிஞ்சிச்சா? கூட ஆரு, தொரசானியம்மாவா? குந்தச் சொல்லு, குந்தச் சொல்லு," என்று ஒரு நாற்காலியை எடுத்து மூலையில் போட்டார். மிஸ் வில்கின் அதில் சத்தமில்லாமல் உட்கார்ந்தார். நான் அண்ணிக்கு எதிரே பாயில் உட்கார்ந்து கண்ணில் கருணையை ஏற்றினேன்.

அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுகையோடு அழுகையாகப் பேசினாள். எனக்கே பாதிதான் காதில் விழுந்தது. மூலையில் இருப்பவருக்குக் கேட்க வேண்டுமே என்று நான் ஒவ்வொன்றையும் பிரசங்கம் மாதிரி உரக்கத் திருப்பிச் சொன்னேன்.

"எந் தொரைய கொன்னுட்டாரு, கிரேஸு."

"உங்கள் துரையை உங்கள் கணவர் கொன்றுவிட்டார்."

"ரா ஆனா எங் கட்டுலுக்குக் கீயதான் படுத்துக்குவாரு."

"இரவானால் துரை உங்கள் கட்டிலுக்கு அடியில்தான் படுத்துக்கொள்வார்."

"உங்க அண்ணனுக்கு அவரக் கண்டாலே ஆவாது."

"உங்கள் கணவருக்குத் துரையைக் கண்டாலே ஆகாது."

மூலையில் நாற்காலி கிறீச்சிட்டது. மிஸ் வில்கின் உருகிவிட்டார் என்று எனக்குள் ஒரே பெருமை.

"கய்த்த அறுத்து, துண்டு துண்டாக்கி, கேப்டன் ஊட்டு மேசையில வச்சு…" அண்ணியால் மேலே பேச முடியவில்லை.

நான் பேசினேன். "கழுத்தை அறுத்து, துண்டு துண்டாக வெட்டி, கேப்டன் வீட்டு மேஜையில் வைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள்!"

நாற்காலி விழுகிற சத்தம் கேட்டது. யாரோ வாசல் பக்கம் ஓடுகிற சத்தமும் கேட்டது. முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது என்பது பாடமாயிற்றே, நான் திரும்பவில்லை. இந்த அளவுக்கு ஒழுங்கான மாணவி அந்த அம்மாளுக்கு வாய்த்திருக்கவே மாட்டாள்.

இதற்கிடையில், நான் துரைசானியோடு பூந்தமல்லி போகிறேன் என்று கேள்விப்பட்டு, எப்படியாவது அண்ணியைக் கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று அண்ணனும் சைக்கிளில் வந்து சேர்ந்தான். கையில் ஒரு முழம் பூ. அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும், பின்னாலேயே மிஸ் வில்கின் ஒரு போலீஸ் ஏட்டைக் கூட்டிக்கொண்டு வரவும் சரியாக இருந்தது. அந்த அம்மாளின் முகத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுப்பு.

"இங்க தேவராஜு ஆரு?" என்றார் ஏட்டு.

"நான்தாங்க."

"தொரைய இட்டுகினு போனது நீதானா?"

அண்ணனுக்கு அத்தனை நாளாக மனசாட்சி குத்திக்கொண்டிருந்திருக்கிறது. மாமியார் போலீஸ் வரைக்கும் போய்விட்டார் என்றே நினைத்துவிட்டான். "நான்தாங்க," என்று கையெடுத்துக் கும்பிட்டான். "ஆனா சத்தியமா நான் அறுக்கலீங்க. சமையக்காரன்தான் அறுத்தான். நான் காலை மட்டுந்தான் புடிச்சுகினேன்."

மிஸ் வில்கின் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி ஜெபம் செய்ய ஆரம்பித்தார்.

"அப்பால?" என்றார் ஏட்டு, குரல் இறங்கிப்போய்.

"அப்பால… கேப்டன் வற்புறுத்தினாருங்க. ஒரே ஒரு துண்டு."

"நீயும் துன்னியா?" என்று அண்ணி எழுந்தாள். இது அவளுக்கே புதுச் செய்தி. "தொரைய நீயும் துன்னியா?"

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பழக்கதோஷம், வாய் தானாகத் திறந்தது. "நீங்கள் ஒரு துண்டு மட்டும் சாப்பிட்டீர்கள்," என்றேன்.

ஏட்டு அண்ணனின் கையை முறுக்கிப் பின்னால் பிடித்தார். யுத்த காலம். காணாமற்போன வெள்ளைக்காரன் ஒருவனுக்காக ஊரையே கட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். அண்ணன் கையிலிருந்த பூ கீழே விழுந்தது. பயத்தில் அவன் அண்ணியையே பார்த்தான். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அண்ணியும் பார்த்ததில்லை போலிருக்கிறது. ஒரே தாவாகத் தாவி ஏட்டின் கையைத் தட்டிவிட்டாள்.

"யோவ், கைய எடுய்யா! ஒரு கோயிக்காக எம் புருசன ஜெயிலுக்கு இட்டுகினு போவியா?"

ஏட்டு அப்படியே நின்றார். "கோயியா?"

"வான்கோயிய்யா! நான் வளத்த வான்கோயி! வேற ஆருன்னு நெனச்ச?"

மிஸ் வில்கின் கண்ணைத் திறந்தார். "அப்படியாயின், அந்தத் துரை ஒரு பட்சியோ?" என்று மெல்லக் கேட்டார்.

"ஆமாம்மா, பச்சிதான்," என்றார் சூசையம்மா. "நல்ல கனமான பச்சி."

முதலில் சிரித்தது ஏட்டு. அப்புறம் மிஸ் வில்கின் சிரித்தார், தொப்பி கழன்று விழுகிற வரைக்கும். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அண்ணியைப் பார்த்து, "உன்ன ஒரு வார்த்த கேட்டிருக்கணும், லில்லி. கேக்காம குடுத்துட்டேன். தப்புதான்," என்றான்.

"இத்த சொல்றதுக்கு ஏட்டு வந்து கைய முறுக்கணுமா?" என்று அண்ணி கேட்டாள். கேட்டுவிட்டு, கீழே கிடந்த பூவை எடுத்துத் தூசி தட்டி வைத்துக்கொண்டாள். அவளுக்குக் கோழி போனதைவிடக் கேட்காமல் கொடுத்ததுதான் வலித்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தனை மாதம் கேட்கப் பழகியவளுக்கு அது மட்டும் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மிஸ் வில்கின், "அந்தத் தேவராஜ் உனக்கு என்ன முறை?" என்று கேட்டார்.

"கூடப்பிறந்த அண்ணன், மிஸ்."

"உறவினர் ஆகாது என்று வகுப்பில் நான் சொன்ன நாளில் நீ எங்கிருந்தாய்?"

"அன்று பட்டாளத்து ஸ்பெஷலுக்கு வழிவிட்டு எங்கள் ரயில் வில்லிவாக்கத்தில் நின்றுவிட்டது, மிஸ்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது, அழுகையா சிரிப்பா தெரியவில்லை. நான் அந்தப் பயிற்சியை முதலிலிருந்து மறுபடியும் படித்தேன்.

அண்ணனும் அண்ணியும் அதற்குப் பிறகு சண்டையே போடவில்லை என்று சொன்னால் பொய். நிறையப் போட்டார்கள். ஆனால் குரல் ஓர் அளவுக்கு மேல் ஏறினால் போதும், "மேனாம்பேட்டுக்கு ஆள் அனுப்பட்டுமா? கிரேஸு வந்து பேசட்டுமா?" என்று இருவரில் ஒருவர் மிரட்டுவார், மற்றவர் உடனே சமாதானமாகிவிடுவார். பிள்ளைகள் வளர்ந்து, அவர்களுக்கும் கல்யாணமாகி, இந்த மிரட்டல் சீதனம் மாதிரி கைமாறிப் போய்க்கொண்டே இருக்கிறது. நாற்பது வருஷத்துக்குக் குறையாமல் ஆலோசகராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் குடும்பத்தில் மட்டும், நான் வராமல் இருப்பதற்காகவே எல்லோரும் ஒற்றுமையாக இருக்கிறார்கள்.

போன வாரம் அண்ணன் மருமகள் டெலிபோன் செய்தாள். "அத்தை, நேத்து எங்களுக்குள்ள சின்னதா ஒரு தகராறு. பயப்படாதீங்க, நீங்க கெளம்பறீங்கன்னு சொன்னதுமே சரியாயிடுச்சு. அவர் கேட்டா, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டதா மட்டும் சொல்லிடுங்க."