அடுப்புக்கு மேலே மாதா

சொந்த வீடு வாங்கியவனுக்குத் தலைக்கனம் வரும். அதில் ஒரு மாடியை வாடகைக்கும் விட்டுவிட்டால் கஞ்சத்தனமும் வரும். எனக்கு இரண்டும் ஒரே குளிர்காலத்தில் வந்து சேர்ந்தன.

டோர்வல் விமான நிலையத்தில் ஊரார் பெட்டிகளைத் தூக்கிச் சேர்த்த காசில் மொன்றியலில் இரண்டு மாடி வீடொன்று வாங்கியிருந்தேன். கீழே நானும் மனைவி றெஜினாவும் சின்ன மகளும். மேலே வாடகைக்கு அருமை அண்ணை. டவுன்டவுனில் ஒரு உணவகக் குசினியில் அவருக்கு இரவு வேலை, பகலில் நித்திரை. அவர் என்னை "லான்ட்லோட்" என்று கூப்பிடும்போதெல்லாம் நான் கொஞ்சம் உயர்ந்துவிடுவேன்.

அந்த உயரத்தைக் குறைக்க இன்சூரன்ஸ்காரர்கள் வந்தார்கள். வாடகை வீடென்றால் காஸ் இணைப்புகளைப் பரிசோதித்துச் சான்றிதழ் தரவேண்டுமாம். பரிசோதகருக்குப் போன் எடுத்தேன். வீட்டுக்கு இவ்வளவு என்றில்லை, காஸில் வேலை செய்யும் ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனிக் கட்டணம் என்றார். நிலவறையில் ஒரு ஹீட்டர், மேலே ஒரு அடுப்பு, கீழே எங்கள் அடுப்பு.

"நாங்கள் என்ன வாடகைக்கோ இருக்கிறம்? எங்கட அடுப்பை ஏன் பாக்கவேணும்?" என்று றெஜினாவிடம் பாய்ந்தேன்.

"அதை அந்த மனுசனிட்டைக் கேளுங்கோவன்."

கேட்டுத்தான் இருந்தேன். ஒரே குழாயில் இருப்பது எல்லாவற்றையும் பார்த்தே தீருவாராம். ஆகவே எங்கள் அடுப்பை இல்லாமல் ஆக்குவதென்று முடிவெடுத்தேன். (இப்படியான மூளைதான் என்னைப் பெட்டி தூக்க வைத்தது.)

அவர் வரும் நாள் காலை, அடுப்பை இழுத்து மூலைக்குத் தள்ளி, தரை மட்டும் தொங்கும் வெள்ளைத் துணியால் மூடினேன். சமைக்கும் வீடுதான் என்று காட்ட மேசையில் ரைஸ் குக்கரை வைத்தேன். பிறகு விறாந்தையில் இருந்த மாதா சுருவத்தை, றெஜினா தினமும் கும்பிடும் அந்தச் சிலையை, தூக்கினேன்.

"மாதாவை அடுப்பில ஏத்தப்போறீங்களோ? உங்களுக்கு விசரோ?"

"கொஞ்ச நேரம்தானே. அவவும் குடும்பம் நடத்தினவ. செலவு விளங்கும்."

றெஜினா தலையில் அடித்துக்கொண்டாள். "வைச்சால் மெழுகுதிரி கொளுத்தாமல் விடமாட்டன்" என்று இரண்டை ஏற்றியும் வைத்தாள்.

நான் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை மாற்றிக் காற்சட்டை போட முதலே மணி அடித்தது. பரிசோதகர் பெரிய மீசைக்காரர், கியூபெக் பிரெஞ்சுக்காரர். காஸ் கசிவைக் காட்டும் கருவியோடு நிலவறையைப் பார்த்தார். மேலே போய், அரைக்கண்ணில் கதவு திறந்த அருமை அண்ணையின் அடுப்பைப் பார்த்தார். பிறகு எங்கள் குசினிக்கு வந்தார். மாதாவைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிச் சிலுவை அடையாளம் போட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நாங்கள் மிகவும் பக்தியான ஆட்கள் என்று எனக்குத் தெரிந்த நாலு பிரெஞ்சுச் சொல்லில் சொல்லிக்கொண்டிருக்கும்போது, அவர் கையில் இருந்த கருவி கீச்சிட்டது. (அதுவும் செபிக்கிறது என்று நினைத்தேன்.)

அவர் மூக்கைச் சுருக்கினார். ஒரே பாய்ச்சலில் போய், இரண்டு திரியையும் "பூ" என்று ஊதி அணைத்தார்.

"ஐயோ, மாதாவின்ர திரியை நூத்துப்போட்டான்!" என்று றெஜினா கத்தினாள்.

அவர் துணியைத் தூக்கினார். பிறகு எனக்கு விளங்கட்டும் என்று மெதுவாகச் சொன்னார்: "மெஸ்யூ, உங்கள் பீடத்தில் நாலு திருகி இருக்கிறது."

"பழைய பீடம்" என்றேன்.

நான் இழுத்த இழுப்பில் பின்னால் இருந்த குழாய் விரிசல் விட்டுக் காஸ் கசிந்துகொண்டிருந்தது. அவர் வால்வை மூடி, மேலேயும் கீழேயும் இருந்த எல்லோரையும் தெருவுக்குத் துரத்தினார். முழங்கால் பனி. என் ஜக்கெற்றை எடுக்கவேண்டிய றெஜினா மாதாவை எடுத்து என் கையில் தந்துவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். சாரமும் ஒரு செருப்புமாக நான் சுருவம் ஏந்தி நின்றேன். எதிர்வீட்டு இத்தாலியக் கிழவி வெளியே வந்து பார்த்தார், நெஞ்சில் கை வைத்தார், என் பின்னால் வந்து நின்றுகொண்டு செபிக்கத் தொடங்கினார்.

போர்வையோடு இறங்கி வந்தார் அருமை அண்ணை. "லான்ட்லோட், இண்டைக்கு என்ன பெருநாள்?"

"கதையாதையுங்கோ அண்ணை" என்றேன், பல் கிட்டியபடி.

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேலே ஒரு மனுசனை நித்திரையில் வைத்துக்கொண்டு, கீழே காஸுக்குப் பக்கத்தில் திரி கொளுத்த விட்டிருக்கிறேன். அந்த மீசைக்காரர் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கையில் கையில் இருந்த மாதாவை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

மூன்று சாமானுக்கும் கட்டணம் வைத்தார். புதுக் குழாய்க்கும், அதைச் சோதிக்கத் திரும்பி வந்ததற்கும் வேறாக. பேரம் பேச வாய் திறந்தேன். றெஜினா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

அந்தச் சின்ன மகள் வளர்ந்து வேலைக்கும் போய், போன வருடம் சொந்தமாக ஒரு அப்பார்ட்மென்ட் வாங்கினாள். கதவுத் திறப்பு கையில் கிடைத்த அன்றே போன் எடுத்தாள்.

"அப்பா, இங்க எல்லாம் கரண்ட் அடுப்புத்தான். நீங்கள் பயமில்லாமல் வரலாம். நாங்களும் பயமில்லாமல் இருப்பம்."