இருபத்தைந்து நிமிடம் முந்தி ஓடும் வீடு

கிள்ளான்,
புதன்கிழமை.

அன்பும் மரியாதையும் நிறைந்த ஐவன் மச்சானுக்கு, செபாஸ்டியன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். ஈப்போவில் தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். வாட்சாப்பில் அனுப்பினால் தங்கள் தங்கை பிலோமினா படித்துவிடுவாள், அதனால்தான் தபால்.

பங்சார் அலுவலகத்தில் நான்கு வருடமாக நான் உருவாக்கிவரும் கருவி, பலர் எழுதும் நிரல்களைச் சேர்த்து ஒரே மென்பொருளாகக் கட்டித் தருவது. கோப்பு சேமிக்கப்பட்ட நேரத்தைப் பார்த்து, மாறியதை மட்டும் அது மறுபடி கட்ட வேண்டும். ஒரு மாதமாக, நான் வீட்டிலிருந்து ஒரு வரியைத் திருத்தி அனுப்பினாலும் மொத்தத்தையும் திரும்பத் திரும்பக் கட்டியது, என்னவென்று பார்க்க உட்கார்ந்தால் அரை மணியில் தானாகவே திருந்தியது, நான் ஓர் இடத்தைச் சரிசெய்ய எதையுமே கட்டாமல் 'வெற்றி' என்றது, அதைச் சரிசெய்ய வெற்றியையும் பிழை என்றது, மேலாளர் சந்திரகலா பொறுத்துப் பார்த்துவிட்டு, "செபா, வெள்ளிக்கிழமை காலையில பத்து மணிக்கு ஒழுங்கா ஓட்டிக் காட்டுங்க. இல்லாட்டி வெளிய ஒண்ணு வாங்கிக்கலாம் லா," என்றுவிட்டார்.

நேற்றுதான் பிடிபட்டது. நான் பூசைக்குப் பிந்துகிறேன் என்று சுவர்க்கடிகாரத்தையும் என் கைபேசியையும் பிலோமினா இருபத்தைந்து நிமிடம் முந்தி வைத்திருப்பது தங்களுக்கே தெரியும். என் மடிக்கணினியையும் விடவில்லை! நான் அனுப்பும் கோப்பெல்லாம் அலுவலகத்துக்கு இன்னும் வராத நேரத்தில் எழுதியதாக இருக்கிறது, கருவி என்ன செய்யும் பாவம், இப்போதுதான் மாறியது என்று நம்பிக் கட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. கேட்டால், "அத மட்டும் விட்டா, அதப் பாத்துக்கிட்டே இன்னும் டைம் இருக்குன்னு உக்காந்துருவீங்க. போன வாரம் பாதிப் பிரசங்கத்துல உள்ள போனோம், ஃபாதரே திரும்பிப் பாத்தாரு," என்கிறாள்.

நான் சண்டை போடவில்லை. வருங்கால நேரத்தோடு கோப்பு வந்தால், 'உங்கள் கடிகாரத்தைச் சரிபாருங்கள்' என்று ஒரு வரி சொல்லிவிட்டு, வந்து சேர்ந்த நேரத்தையே எடுத்துக்கொள்ளும்படி கருவியைப் பழக்கிவிட்டேன். வீட்டைப் பழக்கத்தான் எனக்கு வழி தெரியவில்லை. தாங்கள் அண்ணன், ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள். எல்லாக் கடிகாரங்களையும் சரியான நேரத்துக்கு வைக்கச் சொல்லுங்கள்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. மாதா தங்கள் வீட்டுக்குத் துணையிருக்கட்டும்.

தங்கள் மைத்துனன்,
செபாஸ்டியன்

பி.கு.: இன்று சனிக்கிழமை. நான் தபால்தலை வாங்கி வருவதற்குள் பிலோமினா இதைப் படித்துவிட்டு, என்னிடம் சொல்லாமலே எல்லாவற்றையும் சரியான நேரத்துக்கு வைத்துவிட்டாள். நான் நேற்று வழக்கம்போல் மனத்துக்குள் இருபத்தைந்தைக் கழித்துக்கொண்டு, நிதானமாக இன்னொரு தோசை சாப்பிட்டுக் கிளம்பினேன். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. எனக்குப் பதிலாக, கூட வேலை செய்யும் பெர்னிஸ் ஓட்டிக் காட்டியிருக்கிறாள். ஒரு தடவைகூடத் தடுமாறவில்லையாம். என் கருவியையே வைத்துக்கொள்வதாக முடிவாம். சந்தோஷம்தான் மச்சான். ஆனால் நான்கு வருடம் உழைத்தவன் அதைக் கண்ணால் பார்க்கவில்லையே என்று வலிக்கிறது. ஆகவே மேலே எழுதியதை மறந்துவிட்டு, கடிகாரங்களை மறுபடி முந்தி வைக்கச் சொல்லுங்கள். இந்தத் தடவை எத்தனை நிமிடம் என்பதை மட்டும் அவள் என்னிடம் சொல்ல வேண்டாம்.