நான் ஏறாத தென்னைமரம்

விவாகரத்தானவன் எப்படியும் பொய் சொல்லப் பழகிவிடுவான். நான் பழகியதோடு நிற்காமல் அதில் கொஞ்சம் முன்னேறியும் இருந்தேன்.

சுனாமிக்கு அடுத்த வருடம் நானும் சபீனாவும் பிரிந்தோம். எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குச் சீதனமாக வருவது. ஆகவே அவளும் மகள் நஸ்லாவும் சாய்ந்தமருது வீட்டில் இருக்க, நான் ஒரு சூட்கேசோடு மருதமுனையில் என் மூத்த சகோதரி, ராத்தா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். (சூட்கேசும் சபீனாவுடையதுதான்.) ஒரு புதன் விட்டு ஒரு புதன், பள்ளிக்கூடம் விட்டதும் மகள் என்னோடு இருப்பாள் என்று ஏற்பாடு.

ஏழு வயது, சரியான வாயாடி. அவள் கொஞ்சம் கொஞ்சமாகக் கதைப்பதையே நிறுத்திவிட்டாள். எதைக் கேட்டாலும் தலையாட்டல்தான். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. யாரால் இப்படி ஆனது என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை: சபீனாவால்தான்.

கல்முனையில் ஓர் ஆஸ்பத்திரியில் புதன்கிழமைகளில் சிறுவர் மனநலக் கிளினிக் நடந்தது. ராத்தா அறிந்தால் பிள்ளைக்குப் பைத்தியமா என்று ஊரைக் கூட்டிவிடுவாள். ஆகவே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே போனேன். "உம்மாட்ட சொல்லிராத மகள்" என்று எச்சரித்தும் வைத்தேன்.

டொக்டர் காரைதீவுப் பக்கத்துத் தமிழ்ப் பெண். வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டார். விவாகரத்து என்று சொல்ல நா எழவில்லை. அந்தக் காலத்தில் வெளியில் சொல்லக்கூடிய மரியாதையான வருத்தம் ஒன்றே ஒன்றுதான்: சுனாமிப் பயம். அலை வந்ததையும், நான் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு தென்னைமரம் ஏறியதையும் விலாவாரியாகச் சொன்னேன். உண்மையில் அன்று காலை நாங்கள் மூவரும் சம்மாந்துறையில் ஒரு கலியாண வீட்டில் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் வீட்டு வாசலுக்குக்கூடத் தண்ணீர் வரவில்லை. வெளியே வாங்குப் பலகையில் உண்மையாகவே பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் இருந்தார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

மூன்றாம் தடவை போனபோது, அடுத்த புதன் பிள்ளை இல்லாமல் தனியே வரச் சொன்னார் டொக்டர். போனால், அறைக்குள் சபீனா. தன்னுடைய புதன்களில் அவளும் மகளை அங்கேதான் கூட்டிவந்திருக்கிறாள், மகளை வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரில் வேறு கோப்புப் போட்டு. "வாப்பாட்ட சொல்லிராத" என்றும் சொல்லியிருக்கிறாள்.

டொக்டர் இரண்டு கோப்புகளையும் வாசித்தார். சபீனாவின் கோப்பிலும் அலை வந்தது. தென்னைமரமும் இருந்தது. (எட்டு வருடம் ஒன்றாகக் குடித்தனம் செய்தால் பொய்யும் ஒரே மாதிரித்தான் வரும் போலிருக்கிறது.) ஆனால் மரத்தில் நான் மட்டும் இருந்தேன். பிள்ளை கீழே.

"புள்ளைய உட்டுப்போட்டு நானா ஏறின?" என்று எழும்பிவிட்டேன்.

"ஏறக்கூடிய ஆள்தானே நீங்க" என்றாள் சபீனா.

நடக்காத ஒரு சம்பவத்தில் யார் எங்கே நின்றது என்று பத்து நிமிடம் சண்டை பிடித்தோம். டொக்டர் முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"புள்ள என்னோட ஒரு தரம்தான் கதைச்சவ" என்றார். "உம்மாட கதையச் சொல்லவா, வாப்பாட கதையச் சொல்லவா எண்டு கேட்டவ. ரெண்டு பேரும் சொல்லாத சொல்லாத எண்டா, அவ எதைத்தான் கதைக்கிற?"

சபீனா அழுதாள். நானும் அழுதேன். அன்றும் ஹெல்மெட்டைக் கழற்றாததால் கண்ணைத் துடைக்க முடியவில்லை.

நேராகப் பள்ளிக்கூட வாசலுக்குப் போனோம். பிரிந்த பிறகு ஒன்றாக நின்றது அன்றுதான். இனி எதையும் யாரிடமும் சொல்லலாம் என்று இரண்டு பேரும் மகளுக்குச் சொன்னோம். அவள் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தொடங்கினாள். வீட்டுக்குப் போய்ச் சேருமுன் நான் சபீனாவின் சமையலைப் பற்றிச் சொன்னதெல்லாம் அவளுக்கும், அவள் என் ராத்தாவுக்கு வைத்த பட்டப்பெயர் எனக்கும் தெரிந்துவிட்டது. எனக்கு அன்று இருந்த சந்தோசம் சொல்லி முடியாது.

யுத்தம் முடிந்தது, மகளின் கதை மட்டும் முடியவில்லை. போன வருடம் அவளைப் பெண் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் வாப்பா, சுனாமியில் உங்களுக்கும் பாதிப்போ என்று மரியாதைக்குக் கேட்டார். நானும் சபீனாவும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தோம். அறைக்குள்ளிருந்து நஸ்லாவின் குரல் வந்தது.

"இவங்க ரெண்டு பேருக்கும் ஒண்டுமில்ல மாமா. பாதிப்பெல்லாம் அந்த டொக்டருக்குத்தான்."

கலியாணம் பேசி முற்றாகிவிட்டது. இப்போது மாப்பிள்ளை வீட்டிலும் இந்தக் கதைதான் ஓடுகிறது.