ஆறாவது குழாய்

கரண்ட் போய் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. தருமன் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்ப்பதும், திறக்கக் கூடாதே என்று பதறி மூடுவதும், உள்ளே என்ன ஆயிற்றோ என்று மறுபடி திறப்பதுமாக இருந்தார். இந்தச் சோதனையிலேயே இருந்த குளிர் பாதி வெளியே வந்துவிட்டது.

ஐஸ் பெட்டிக்குள் ஆறு கண்ணாடிக் குழாய்கள். ஆறிலும் கரிய மண். மாடி ரூமில் குடியிருக்கும் நார்வேக்காரர் எரிக்குடையது. பெங்களூரில் விஞ்ஞானிகள் கூட்டம் ஒன்றுக்கு வந்தவர், ஊர் திரும்பும் முன் பத்து நாள் ஆசிரமத்தில் கண்மூடி உட்கார வந்திருந்தார். அவர் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், மண் ஐஸில்தான் இருந்தாக வேண்டும்.

வந்த அன்றே பக்கத்து வீட்டுப் பிரகாஷை வைத்து விளக்கிவிட்டார். பிரகாஷ் செங்கம் ரோட்டில் பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவன். அந்தத் தெருவின் இங்கிலீஷ் முழுக்க அவன் பொறுப்பு.

"மாமா, இது அவங்க ஊர் ஏரிக்கு அடியில எடுத்த மண்ணு. பத்தாயிரம் வருஷத்து மண்ணாம். அதுல டிஎன்ஏ பாத்து, அப்ப என்னென்ன மரம் இருந்துச்சுனு சொல்லிடுவாங்களாம். பனி உருக உருக, காடு வடக்கால நடந்து போயிருக்காம்."

"காடு நடக்குமா?"

"விதை விழுந்து மொளைக்கும், அது பெருசாகி இன்னும் கொஞ்சம் தள்ளி விதை போடும். மெதுவா போயிருக்குது. பௌர்ணமிக் கூட்டத்துல நாம மலை சுத்தலையா, அப்பிடி."

"செத்துப்போன மரம் எப்பிடிடா மண்ணுல இருக்கும்?"

பிரகாஷ் கேட்டுச் சொன்னான்: "எது போனாலும் கொஞ்சம் விட்டுட்டுத்தான் போவுமாம். தேடிப் பாக்கணுமாம்."

தருமன் கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவர் மனைவி உண்ணாமலை போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. அவள் விட்டுப்போனதையெல்லாம் மகள் அருணாதேவி, "பாத்துப் பாத்து அழுவே நைனா" என்று மூட்டை கட்டிக் கொண்டுபோய்விட்டாள். புடவை, செருப்பு, சீப்புகூட மிச்சமில்லை. கொல்லையில் இருந்த மல்லித் தொட்டி மட்டும் கனமாக இருந்ததால் தப்பியது. டீத்தூள் சக்கை, வண்டு பிடித்த வெந்தயம், தலை சீவும்போது உதிர்கிற முடி என்று அவள் போட்டுப் போட்டு, சுற்றுவட்டாரமெல்லாம் செம்மண்ணாகக் கிடக்க, அந்தத் தொட்டியை மட்டும் கரிசலாக்கி வைத்திருந்தாள். தருமன் தினம் காலையில் அதற்குத் தண்ணீர் ஊற்றுவார். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தால் இரண்டு வார்த்தை பேசவும் செய்வார்.

இன்று காலை கிரிவலம் கிளம்பிய எரிக், குழாய்களைக் காட்டி எட்டு விரல்களை நீட்டினார். எட்டு வருஷ உழைப்பு. தருமன் நெஞ்சில் கை வைத்து, "ஐ சீ. ரைட்!" என்றார். முப்பது வருஷம் பஸ் கண்டக்டர். அவர் ரைட் என்றால் ரைட்தான். எரிக் தெருமுனை திரும்பினார், கரண்ட் போயிற்று.

"காத்துக்கு மரக்கிளை ஒயர் மேல விழுந்துருக்குதுண்ணா. சாயங்காலம் ஆவுமாம்" என்று சேதி கொண்டுவந்தாள் வீட்டு வேலை செய்யும் தங்கம்மாள்.

"அதுக்குள்ள காடு கரைஞ்சிடும் தங்கம்மா!"

"மீன் மார்க்கெட்ல ஐஸ் குடுப்பாங்க. மரத்தூள் போட்டு மூடி வச்சா சீக்கிரம் கரையாது."

தருமனுக்கு அது மகா யோசனையாகப் பட்டது. சைக்கிளில் போய் ஒரு கட்டி ஐஸ், தச்சுப்பட்டறையில் ஒரு கோணி மரத்தூள் எல்லாம் வாங்கி வந்தார். அண்டாவில் குழாய்களைப் புதைத்து வியர்வை துடைத்தபோது பிரகாஷ் எட்டிப் பார்த்தான்.

"ஐயோ மாமா! அவரு மண்ணுல மரம் தேடுறாரு. நீங்க மரத்துலயே புதைச்சு வச்சிருக்கீங்களே! ஒரு தூசி உள்ள போனாலும் கணக்கு மாறிடும்னாரே!"

சொல்லிவிட்டு அவன் கடை திறக்கப் போய்விட்டான். தருமன் பதறிக் குழாய்களை வெளியே எடுத்துக் கழுவி, வெறும் ஐஸ் மேல் வரிசையாக அடுக்கி, ஈரத்துண்டால் மூடினார். அது மீன் கடை ஐஸ். வீடு முழுக்க மத்தி மீன் வாடை அடித்தது. நமக்குத்தான் அது வாடை. எதிர்வீட்டுப் பூனைக்கு அழைப்பிதழ்.

தருமன் மிச்ச மரத்தூளைக் கொல்லையில் கொட்டப் போன நேரத்தில் பூனை உள்ளே வந்து துண்டை இழுத்தது. ஐந்து குழாய்கள் ஐஸ் மேலேயே கிடந்தன. ஆறாவது உருண்டு விழுந்து மூடி தெறித்தது. உள்ளே உருகியிருந்த மண் தரையில் பரவியது.

சத்தம் கேட்டு அவர் ஓடி வருவதற்குள் தங்கம்மாள் முந்திவிட்டாள். தரையில் அழுக்கைக் கண்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது.

"யாரு சேறு மிதிச்சது? ஃபினாயில் போட்டுத் தொடைச்சிட்டேண்ணா. பளிச்சுனு ஆயிடுச்சு."

பத்தாயிரம் வருஷம் ஏரிக்கு அடியில் பத்திரமாகக் கிடந்தது, பக்கெட் தண்ணீரில் கலந்து சாக்கடைக்குப் போயிருந்தது.

தருமன் காலிக் குழாயும் கையுமாக அப்படியே உட்கார்ந்தார். அந்த மனுஷன் சாயங்காலம் வந்து கேட்பானே. எட்டு விரல் கண்முன் நின்றது. கருப்பு மண்ணுக்கு எங்கே போவது? தெரு முழுக்க சிவப்பு. ஏரிக்கரைக்குப் போனாலும் சிவப்பு.

கருப்பு மண் ஒரே இடத்தில்தான் இருந்தது.

"கோச்சுக்காதே உண்ணாமலை" என்றார் தொட்டியிடம். "என்னை நம்பி வச்சிட்டுப் போயிருக்கான்."

மேல்மண் வெயிலில் வெளுத்திருந்தது. கரண்டியை ஆழமாக விட்டுத் தோண்டினார். வேர்கள் அறுபடும் சத்தம் கேட்டது. அவருக்கு அழுகை வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, குழாயை நிரப்பி மூடினார்.

நாலு மணிக்குக் கரண்ட் வந்தது. ஆறும் பழையபடி ஐஸ் பெட்டிக்குள் உறைந்தன. இருட்டும் முன் எரிக் கால் கொப்பளத்தோடு வந்து சேர்ந்தார். தருமனால் பொறுக்க முடியவில்லை.

"சார்... கேட் கம். ஃபால். ஃபினிஷ்." துண்டால் கண்ணைத் துடைத்தார். "வெரி சாரி சார்."

அவர் கண்ணில் நீரைப் பார்த்ததும் எரிக் முகம் வாடிவிட்டது. தருமனின் தோளை அணைத்து, தலை குனிந்து, ஒரு நிமிஷம் பூனைக்கு மௌன அஞ்சலி செலுத்தினார். பூனை எதிர்வீட்டு மதிலில் உட்கார்ந்து மீசையை நக்கிக்கொண்டிருந்தது.

பிரகாஷைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் தருமனுக்குத் தைரியம் அந்த ஒரு தடவைதான் வந்தது. மறுநாள் எரிக் ஆறு குழாய்களோடு ஊருக்குக் கிளம்பிப் போனார்.

பத்து நாளில் மல்லிச்செடி காய்ந்தது. தருமன் காய்ந்த குச்சிக்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒருநாள் அவர் கண் ஆஸ்பத்திரிக்குப் போய் வருவதற்குள் தங்கம்மாள் தொட்டியைக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டிருந்தாள்.

"பட்டுப்போன செடிய வீட்ல வைக்கக் கூடாதுண்ணா" என்றாள்.

அவர் அவளைத் திட்டவில்லை. தொட்டி இருந்த இடத்தில் வட்டமாக ஈரக்கறை இருந்தது. அது காய்கிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு காலை நேரத்தில் பேசுவதற்கு ஆள் இல்லை.

ஐந்து மாதம் கழித்து நார்வேயிலிருந்து கடிதம் வந்தது. இரண்டு நாள் பிரிக்காமல் சாமி மாடத்தில் வைத்திருந்துவிட்டு, மூன்றாம் நாள் பிரகாஷிடம் கொண்டுபோனார்.

"போலீஸ்ல குடுத்திருக்காரா பாருடா."

பிரகாஷ் படித்தான். உதடு துடித்தது. சிரிப்பை அடக்குகிறான் என்று தெரிந்தது.

"அஞ்சு குழாய்ல பைன் மரம், பிர்ச் மரம்லாம் இருந்துச்சாம். வேலை நல்லபடியா முடிஞ்சிடுச்சாம். ஆறாவதுல மல்லி, டீ, வெந்தயம் இருந்துச்சாம் மாமா! பத்தாயிரம் வருஷம் முந்தி பனிப் பிரதேசத்துல யாரு டீ போட்டதுனு அங்க எல்லாரும் சிரிச்சாங்களாம்."

தருமன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். "தப்பு என்னுதுதான்டா. எழுது. காலில விழுந்து மன்னிப்புக் கேட்டேன்னு எழுது."

"கோவமே இல்ல மாமா. நீங்க அன்னைக்கு எதுக்கு அழுதீங்கனு இப்பதான் புரிஞ்சுதாம். அந்தக் குழாயை மட்டும் தூக்கிப் போட மனசு வரலையாம். காட்டு மண்ணோட சேத்து ஐஸ்லயே வச்சிருக்காராம். எத்தினி வருஷம் ஆனாலும் கெடாதாம்."

"அந்த மண்ண எதுக்கு வச்சிக்கணும்?"

பிரகாஷ் கடைசி வரியை இரண்டு முறை படித்தான். சிரிப்பு போய்விட்டிருந்தது.

"அதுல ஒரு பொம்பளை இருக்காங்களாம் மாமா. அவங்க முடி கெடைச்சுதாம். குழாய் மேல ஒட்டணுமாம், அவங்க பேரு என்னன்னு கேக்குறாரு."