டிட்-டா வாத்தியார்

"வாத்தியாரே, உங்களுக்கு இது நல்லாவா கீது?"

அம்மாக்கண்ணு பள்ளிக்கூட வாசலில் இடுப்பில் கைவைத்து நின்று இப்படிக் கேட்டபோது, அர்ச்சுனன் பிள்ளைகளுக்கு ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அம்மாக்கண்ணு அவருக்கு அடுத்த வீடு.

"எது அக்கா?"

"குத்துக்கல்லாட்டம் பொண்டாட்டி வூட்டுல இருக்கறப்போ ரெண்டாங்கல்யாணம் கேக்குதா?"

அர்ச்சுனனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாக்பீஸ் கைநழுவி உடைந்தது. இருபது பிள்ளைகளும் வாய்ப்பாட்டை விட்டுவிட்டு இரண்டாம் கல்யாணத்தைக் கவனிக்க ஆரம்பித்தார்கள்.

"யாரு சொன்னது?"

"காலைல பஸ்ஸுல ஒருத்தன் வந்தான். வெள்ளச் சட்டை, கக்கத்துல ரெக்சின் பை. 'அர்ச்சுனன் வீடு எது'ன்னான். அந்த வூட்டுல குடி உண்டா, சண்டை சச்சரவு உண்டா, வெளியூர் ஆளுங்க வந்து போறாங்களான்னு ஒண்ணொண்ணா கேட்டான். பொண்ணு குடுக்கறவன்தானே இத்தனையும் கேப்பான்?"

அவள் மேல் குற்றமில்லை. இந்த மலையில் வெளியாள் வந்து ஒரு குடும்பத்தைப் பற்றி விசாரித்தால் காரணம் இரண்டில் ஒன்றுதான். ஒன்று கல்யாணம், இல்லையென்றால் காக்கி. கல்யாணத்துக்கு வந்தவனிடம் ஊரே கூடிப் புகழும். காக்கிக்காரன் சந்தனக்கட்டையைத் தேடி வந்தால், அப்படி ஒரு ஆளே இங்கே கிடையாது என்று ஊரே கையை விரிக்கும். இதை யாரும் எழுதி வைத்ததில்லை. ஆனால் சோறு தின்னத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும்.

அர்ச்சுனனுக்கு மட்டும் மூன்றாவதாக ஒரு காரணம் தெரிந்தது. அது புரிந்ததும் அதிர்ச்சி போய் உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"லைசென்ஸ்! அக்கா, எனக்கு லைசென்ஸ் வருது!"

ஒன்பது வருஷத்துக்கு முன் சந்தவாசலில் ஒரு பழைய சாமான் கடையில் பட்டாளத்து ரேடியோ ஒன்றை அவர் வாங்கினார். லாரி பேட்டரியில் இணைத்து, இரண்டு புளியமரங்களுக்கு நடுவே கம்பி இழுத்துக் கட்டி, ஒரு நாள் காலை குமிழைத் திருகியபோது இரண்டு பேர் பேசிக்கொள்வது கேட்டது. ஒருவர் கொழும்பு, இன்னொருவர் பெங்களூர். செய்தி வாசிப்பவர்களோ பாட்டுப் போடுபவர்களோ இல்லை. நம்மைப் போல இரண்டு ஆசாமிகள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஒயரில்லாமல், கடல் தாண்டிப் பேசினார்கள். என்ன பெரிய விஷயம்? கொழும்பில் மழையாம், பெங்களூரில் வெயிலாம். அர்ச்சுனனுக்கு ஏனோ கண்ணில் நீர் வந்துவிட்டது.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே ஆசை. 'ஜவ்வாது மலையிலிருந்து அர்ச்சுனன் பேசுகிறேன்' என்று ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும். உலகத்தின் எந்த மூலையிலிருந்தாவது ஒருவர் 'கேட்கிறது' என்று சொல்ல வேண்டும்.

கேட்பதற்கு யாரும் தடை சொல்லவில்லை. 'உங்கள் பேச்சு கேட்டது' என்று எழுதிப் போட்டால் அந்தந்த தேசத்திலிருந்து படம் போட்ட கார்டு கூட வரும். பேசத்தான் சர்க்கார் லைசென்ஸ் வேண்டும். அதற்கு மெட்ராஸுக்குப் போய்ப் பரீட்சை எழுத வேண்டும். பரீட்சையில் தந்தி ஒலியைக் கேட்டு எழுத வேண்டும். டிட் என்றால் புள்ளி, டா என்றால் கோடு. அர்ச்சுனனுக்குப் புள்ளியும் கோடும் காதுக்குள் போய்க் கோலமாகிவிடும். இரண்டு தடவை தேறவில்லை. மூன்றாம் தடவைக்கு மனைவி நீலாவதியைத் தினமும் பக்கத்தில் உட்காரவைத்து, தந்தி ஆபீசில் இருப்பது போன்ற ஒரு தட்டுக் கருவியைக் கையில் கொடுத்து, புத்தகத்தைப் பார்த்துத் தட்டச் சொல்லி எழுதிப் பழகினார். "மெதுவாத் தட்டு, மெதுவாத் தட்டு" என்று அவர் கத்துவது தெருக்கோடி வரை கேட்கும். ஊர் அவருக்கு டிட்-டா வாத்தியார் என்று பெயர் வைத்ததில் ஆச்சரியமில்லை.

போன தை மாதம் இருவரும் மெட்ராஸ் போய் நீலாவதியின் தம்பி வீட்டில் ஒரு வாரம் தங்கினார்கள். அர்ச்சுனன் பரீட்சை எழுதினார். முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் தேறினால்தானே போலீஸ் விசாரணைக்கு ஆள் வரும்?

"நீ அந்தாளுகிட்ட இன்னா சொன்னக்கா?"

"சும்மா விடுவனா? நீலாவதி எனக்குத் தங்கச்சி மாதிரி. அவ வாழ்க்கையில மண்ணு விழக் கூடாதுன்னு, பொண்ணு குடுக்கற நெனப்பே அவனுக்கு வராத மாதிரி சொல்ட்டேன். வாத்தியாரு மொடாக்குடின்னேன். தெனமும் அடிதடின்னேன். விடியக்காலம் கம்பிகிட்ட உக்காந்து டிட்டு டா டிட்டு டான்னு பொலம்புவாருன்னேன். சீமையிலேர்ந்தெல்லாம் படம் போட்ட கார்டு வருதுன்னும் சொல்ட்டேன்."

அர்ச்சுனன் சுவரைப் பிடித்துக்கொண்டார். விசாரணைக்கு வந்த போலீஸ்காரரிடம் சொல்லக் கூடாதவை எவையோ அவை அத்தனையும் வரிசை தவறாமல் சொல்லப்பட்டிருந்தன.

வீட்டுக்கு ஓடினார். நீலாவதி புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நீலா, லைசென்ஸுக்கு விசாரணை வந்துட்டுது!"

அவள் முகம் வெளுத்தது. "அதுக்குள்ளயா? இன்னாங்க, உங்களாண்ட ஒண்ணு சொல்லணும்."

"அப்புறம் சொல்லு."

"இல்லீங்க, இப்பவே..."

"உனக்கு நேரங்காலமே தெரியாதா?" என்று அதட்டிவிட்டு ஊர்த் தலைவர் சின்னதம்பியிடம் ஓடினார்.

"மாமா, வந்திருக்கறது பொண்ணு வூட்டுக்காரன் இல்ல, போலீசு. என்னப் பத்தி நல்லதா நாலு வார்த்த சொல்லச் சொல்லி எல்லார்கிட்டயும் சொல்லுங்க."

சின்னதம்பி நல்ல மனிதர். ஒருவர் பேசினால் முதல் வாக்கியத்தை மட்டும் கேட்டுக்கொண்டு மிச்சத்தைத் தானே முடிவு செய்துகொள்வார்.

"போலீசா? நீ பள்ளிக்கூடத்துக்குப் போ மாப்ள. நான் பாத்துக்கறேன்."

அவர் பார்த்துக்கொண்டார். ஒரு மணி நேரம் கழித்து அர்ச்சுனன் வீட்டுக்கு வந்தபோது புளியமரங்களுக்கு நடுவே கம்பியைக் காணோம். ரேடியோ இருந்த இடத்தில் அம்மிக்குழவி நின்றது. பேட்டரியைக் காணோம். தட்டுக் கருவியையும் காணோம்.

"நீலா! எங்கடி எல்லாம்?"

"ஊரே வந்து தூக்கிட்டுப் போய் சாமைக் குதிருக்குள்ள பொதைச்சிட்டாங்க. வேணாம் வேணாம்னேன். 'பயப்படாத தாயி, கட்டை எங்க இருந்தாலும் மாட்ட மாட்டோம்'னு சொல்ட்டுப் போறாரு தலைவரு."

"போலீஸ்காரர்கிட்ட இன்னா சொன்னாங்களாம்?"

நீலாவதி தயங்கினாள். "அர்ச்சுனன்னு இந்த ஊர்ல யாருமே இல்லன்னாங்களாம். பள்ளிக்கூடப் பலகையில பேர் போட்டிருக்கேன்னு அவரு கேட்டாராம். அது பழைய வாத்தியாரு, செத்துப் பூட்டாருன்னு..."

"செத்தா?"

"பாம்பு கடிச்சு."

அர்ச்சுனனுக்கு மயக்கம் வராதது ஆச்சரியம். ஒன்பது வருஷத் தவம். காலையில் குடிகாரன், மத்தியானம் பிணம்.

ஒரு மணி பஸ் வரக் கால் மணி நேரம்தான் இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினார். பின்னாலேயே நீலாவதி, "நில்லுங்க, நான் சொல்றதக் கேளுங்க" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தாள்.

"இது டெக்னிக்கல் சமாச்சாரம், உனக்குப் புரியாது!" என்று ஓடியபடியே பதில் சொன்னார்.

டீக்கடை பெஞ்சில் வெள்ளைச் சட்டைக்காரர் உட்கார்ந்திருந்தார். மடியில் கோப்பு, கையில் டீ. ராஜாக்கண்ணு என்று பெயர், சாதா உடுப்பில் வந்த ஏட்டு. அவரைப் பத்திரமாக பஸ் ஏற்றிவிட சின்னதம்பி, அம்மாக்கண்ணு உட்பட பாதி ஊர் சுற்றி நின்றது.

"சார்! நான்தான் அர்ச்சுனன்!"

ஏட்டு நிமிர்ந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் சின்னதம்பி முந்திக்கொண்டார்.

"இவரு கோபாலுங்க. கண்ணமங்கலத்துப் புளி ஏவாரி."

"கொஞ்சம் புத்தி சரியில்ல, பாவம்" என்றாள் அம்மாக்கண்ணு.

"மாமா, அக்கா, நான் சாகல! சார், இவங்க பொய் சொல்றாங்க!"

"யார் செத்தாலும் இவருக்கு இப்பிடித்தாங்க ஆயிடுது" என்று அம்மாக்கண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வேடிக்கை பார்க்க வாத்தியாரைத் துரத்திக்கொண்டு வந்த பிள்ளைகள் அர்ச்சுனன் கண்ணில் பட்டார்கள். குழந்தைகள் பொய் சொல்லாது.

"புள்ளைங்களா, நான் யாரு? சாருக்குச் சொல்லுங்க!"

இருபது பிள்ளைகளும் சின்னதம்பியின் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு ஒரே குரலில், "புளி ஏவாரி கோபாலு!" என்றார்கள்.

ஐந்து வருஷமாக ஒரு வாய்ப்பாட்டையாவது அவர்கள் இப்படிச் சேர்ந்து, தப்பில்லாமல் சொன்னதில்லை. அர்ச்சுனன் டீக்கடைக்காரரின் கரண்டியைப் பிடுங்கி கண்ணாடித் தம்ளரில் டிட் டா டிட் டா என்று தட்ட ஆரம்பித்தார்.

"பாருங்க சார், தந்தி பாஷை! என் பேரத் தட்டறேன். புளி ஏவாரிக்கு இது தெரியுமா?"

"ரெண்டாவது எழுத்து தப்புங்க" என்றாள் மூச்சிரைக்க வந்து நின்ற நீலாவதி, மெல்ல.

அர்ச்சுனன் காதில் அது விழவில்லை. மலைத் திருப்பத்தில் பஸ் ஹாரன் அடித்தது. ஏட்டு கோப்பை மூடிக்கொண்டு எழுந்தார். அதைப் பார்த்ததும் அர்ச்சுனன் கரண்டியைக் கீழே போட்டார். அப்படியே மண்ணில் உட்கார்ந்தார்.

"ஒம்பது வருஷமாக் கேட்டுக்கிட்டு மட்டும் இருக்கேன் சார். ஊமையாட்டம். யாரோ எங்கேர்ந்தோ 'யாராவது இருக்கீங்களா'ன்னு கூப்புடறான். 'இருக்கேன்யா, இந்த மலைமேல இருக்கேன்'னு கத்தணும் போல கீது. ஒரே ஒரு தடவ சொல்லணும் சார். அதுக்கு முன்னாடி என்னச் சாவடிச்சிட்டாங்களே."

சின்னதம்பி தொண்டையைக் கனைத்துத் துண்டை இடுப்புக்கு இறக்கிக்கொண்டார்.

"மன்னிக்கணுங்க. இவருதான் அர்ச்சுனன். குடி கெடையாது, சண்ட கெடையாது, உயிரோடதான் கீறாரு. கட்டைக்குத்தான் வந்தீங்கன்னு நெனச்சிட்டோம்."

ஏட்டு எல்லோரையும் ஒரு முறை பார்த்தார். இருபது வருஷ உத்தியோகத்தில் செத்தவர் எழுந்து வந்து அவரிடம் மனுக் கொடுத்தது இதுதான் முதல் தடவை. பேனாவை எடுத்துக் கோப்பைப் பிரித்தார்.

"அப்ப இந்த 'காலமானார்'ங்கறத அடிச்சிடறேன்."

"அடிச்சிட்டு 'நல்லவர்'னு எழுதுங்க சார்" என்று அர்ச்சுனன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "இனிமே லைசென்ஸுக்கு ஒண்ணும் தடையில்லையே சார்?"

நீலாவதி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"நீங்க இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா சார்?" என்றார் ஏட்டு, பஸ்ஸில் ஒரு காலை வைத்தபடி. "ஊர்ல வந்து பொம்பள பேரச் சொல்லி விசாரிக்கறது மரியாத இல்லன்னுதான் வீட்டுக்காரர் பேரச் சொன்னேன், பரீட்சை பாஸ் பண்ணி லைசென்ஸ் கேட்டிருக்கறது நீலாவதியம்மா!"