பலா இலையில் ஒரு விண்ணப்பக் கட்டுரை

ஒரு காட்டில் (எந்தக் காடு என்று கேட்காதீர்கள், சொன்னால் கல்லூரி நிர்வாகம் என் மேல் பாயும்) மருதாயி என்று ஒரு நரி இருந்தாள். நரி என்றதும் தந்திரக்காரி என்று முடிவு கட்டியிருப்பீர்கள். அதெல்லாம் ஒன்றும் கிடையாது. வெள்ளந்தி. கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவளுக்கு ஆசை.

அவள் அப்பா வாலாயுதம் கறாராகச் சொல்லிவிட்டார். "இந்த வருஷம் சீட் கிடைச்சா படி. கிடைக்கலையா, பக்கத்து மலை ஊளையப்பனுக்குக் கழுத்தை நீட்டு."

ஊளையப்பன் நல்ல பையன்தான். ஆனால் சாப்பிடும்போதும் ஊளை, தூங்கும்போதும் ஊளை. நினைத்தாலே மருதாயிக்குக் காது அடைத்தது.

அந்தக் காட்டுக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் சேர மதிப்பெண் மட்டும் போதாது. 'நான் ஏன் கால்நடை மருத்துவர் ஆக விரும்புகிறேன்?' என்று ஒரு கட்டுரையும் எழுதிக் கொடுக்க வேண்டும். ஜன்னலில் உட்கார்ந்திருந்த செம்மறி முதலில் அதைச் சரிபார்க்கும். பிறகு அது உள்ளே தேர்வுக் குழுவுக்குப் போகும். குழுவில் எல்லாரும் வெள்ளாடுகள். தலைவர் கொம்பையா, தாடி வைத்த பெரிய கிடா.

மருதாயிக்கு முன்னால் நின்ற சாரைப்பாம்பைச் செம்மறி ஏற இறங்கப் பார்த்தது. "கால் இல்லாதவங்களுக்குக் கால்நடையில என்னம்மா வேலை?" என்று திருப்பி அனுப்பிவிட்டது. பாவம், அது ஊர்ந்தே வீடு போய்ச் சேர்ந்தது.

மருதாயி மனசைக் கொட்டி எழுதியிருந்தாள். "சின்ன வயசிலிருந்தே எனக்கு ஆடு என்றால் கொள்ளை ஆசை. ஒரு நாள் காலில் முள் தைத்த ஆட்டுக்குட்டியைப் பார்த்தேன். வாரி அணைத்தேன். கதகதப்பாக, மெத்தென்று இருந்தது. அந்த நாளை மறக்கவே முடியாது."

படித்த செம்மறி நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டது.

"அணைச்சதுக்கு அப்புறம்?"

"முள்ளை எடுத்தேங்க."

"அப்புறம்?"

"அனுப்பி வெச்சேன்."

"எங்க அனுப்பி வெச்சே?"

"அதோட அம்மாகிட்டங்க!"

"அம்மாவையும் விடலையா நீ?" என்று அலறி, ஜன்னலைச் சாத்திவிட்டது.

மறுநாள் மருதாயி மாற்றி எழுதினாள். "நான் இதுவரை எந்த ஆட்டையும் தொட்டதுகூட இல்லை. இது சத்தியம்." செம்மறி நிம்மதியாக மூச்சு விட்டு, 'அனுபவம் போதாது' என்று முத்திரை குத்திக் கையில் கொடுத்தது. இதுக்கு என்னத்தைச் சொல்ல!

வேறு வழியில்லாமல் கட்டுரை எழுதித் தரும் கிளியிடம் போனாள். கிளி மூச்சு விடாமல் ஒப்பித்தது. "அன்று ஒரு மழை நாள். காயம்பட்ட புறா ஒன்று என் மடியில் வந்து விழுந்தது. அதன் கண்களில் என் எதிர்காலத்தைக் கண்டேன்." புலிக்கும் இதையேதான் கொடுத்திருந்தது. கழுதைப்புலிக்கும் இதேதான். மருதாயி வெளியே வந்தபோது மரத்தடியில் அந்தப் புறாவே உடம்பெல்லாம் கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தது.

"யம்மா, நீயும் என்னைக் காப்பாத்த வந்தியா?" என்றது புறா. "கொஞ்சம் தள்ளியே நில்லு தாயி. என் காலை ஒடிச்சதே என்னைக் காப்பாத்த வந்த ஒருத்தருதான்."

கிளியின் கட்டுரையைச் செம்மறி மறுபேச்சு இல்லாமல் உள்ளே அனுப்பியது. சாயங்காலமே திரும்பி வந்தது. ஓரத்தில் கொம்பையா எழுதியிருந்தார்: 'சாரமே இல்லை. மென்று விழுங்க முடியவில்லை.'

கடைசி நாளும் வந்தது. வீட்டில் ஊளையப்பனின் அப்பா அம்மா வந்து உட்கார்ந்து, நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மருதாயியிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட மிச்சமில்லை. கோபமும் அழுகையுமாகக் காட்டுக்குள் ஓடியவள், ஒரு பலா மரத்தடியில் நின்றாள். கொத்தாக இலை பறித்தாள். நகத்தாலேயே கீறி எழுதினாள்.

"ஐயாமார்களே, நான் நரி. ஆடு தின்கிற கூட்டத்தில் பிறந்தவள். உங்களைப் பார்த்தால் எனக்கு எச்சில் ஊறுகிறது. ஆனால் ஒரு ஆடு நோவில் கத்தினால் எனக்குச் சோறு இறங்காது. இரண்டும் உண்மை. இனி உங்கள் இஷ்டம்."

செம்மறி சாப்பிடப் போயிருந்தது. மருதாயி ஜன்னல் வழியாக இலைகளைத் தேர்வுக் குழுவின் மேஜை மேலேயே வீசிவிட்டு ஓடிவந்துவிட்டாள்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். கொம்பையா கட்டுரைகளை நுனிப்புல் மேய்வார் என்று காடே பேசிக்கொள்ளும். மேலோட்டமாகப் படிப்பார் போல என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை ஐயா, இல்லை. அந்த மனுஷன் நிஜமாகவே மேய்வார்.

முதல் இலையைக் கடித்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். "ஆகா, என்ன பசுமையான நடை!" என்றார். பக்கத்து ஆடு, "இவ்வளவு இளசான சிந்தனையை நான் கண்டதே இல்லை தலைவரே, அந்தக் கடைசிப் பக்கத்தை இப்படித் தள்ளுங்க" என்றது. எல்லாரும் உட்கார்ந்து அசைபோட்டார்கள். மருதாயிக்கு ஏகமனதாகச் சீட் கிடைத்தது.

வாலாயுதம் சம்பந்தி வீட்டாருக்குக் கும்பிடு போட்டு அனுப்பி வைத்தார். மருதாயிக்குக் கால் தரையில் பாவவில்லை. நேரே கொம்பையாவிடம் ஓடினாள். அவளைப் பொறுத்தவரை, சீட்டைவிடப் பெரிய விஷயம் ஒன்று நடந்திருந்தது. தன் மனசைப் படித்துவிட்டும் ஒரு ஆடு தன்னை நம்பியிருக்கிறது!

"ஐயா," என்றாள். "எச்சில் ஊறுதுன்னு வெட்கத்தை விட்டு எழுதியிருந்தேன். அப்படியும் என்னைச் சேர்த்துக்கிட்டீங்களே!"

கொம்பையா தாடியில் ஒட்டியிருந்த இலைத் துணுக்கை நக்கி எடுத்தார்.

"அப்படியா எழுதியிருந்தே?" என்றார். "எங்களுக்கும்தாம்மா ஊறிச்சு."

மருதாயிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "முதல் வகுப்பு எங்கங்க ஐயா?" என்று கேட்டாள்.

நீதி: மனதில் இருப்பதை ஒளிக்காமல் எழுதுங்கள், எப்படியும் யாரும் படிக்கப்போவதில்லை. இலை மட்டும் நல்ல இளசாக இருக்கட்டும்.